வீட்டு வாலைக்குப் போர்வை: எங்கே சுற்ற வேண்டும், எங்கே சுற்றக் கூடாது

கரண்டு மிச்சமாகும் என்று நினைத்துத்தான் பலரும் வாலைக்கு, அதாவது சாராயம் வடிக்கும் கலத்துக்கு, வெப்பக்காப்புச் சுற்ற இறங்குகிறார்கள். மிச்சமாவது உண்மை. ஆனால் 25 லிட்டர் பாய்லரில் ஐந்து மணி நேரம் வடித்தால் ஒரு யூனிட் சொச்சம்தான் குறையும். அதற்காக மட்டும் இவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை. போர்வையின் பெரிய பலன் வேறு. சாராய ஆவி தேங்காமல் இருக்க வடிக்கும்போது கராஜ் கதவு திறந்தே இருக்க வேண்டும். கதவு திறந்திருந்தால் காற்று அடிக்கும். காற்று அடித்தால் வெறும் உலோகக் குழாய் ஒரு நிமிடம் சூடாகவும் மறுநிமிடம் குளிர்ந்தும் இருக்கும், வடியும் சரக்கின் வேகமும் வலுவும் அதோடு சேர்ந்து ஆடும். ஒழுங்காகச் சுற்றிய வாலை, கதவு விரியத் திறந்திருந்தாலும் ஒரே சீராக ஓடும்.

இங்கே சொல்வதெல்லாம் நியூசிலாந்தை மனதில் வைத்து. அங்கே 1996-ஆம் ஆண்டின் சுங்க, கலால் சட்டம் வந்ததிலிருந்து சொந்த உபயோகத்துக்கு வீட்டில் காய்ச்சி வடிப்பது குற்றமில்லை. அதற்குப் பதிலாக 2018-இல் வந்த புதிய சட்டத்திலும் அந்த அனுமதி தொடர்கிறது. உரிமம் இல்லாமல் விற்பதுதான் குற்றம். பக்கத்து ஆஸ்திரேலியாவில் உரிமம் இல்லாமல் வடிக்க முடியாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி இது குற்றம், இலங்கையிலும் குற்றம். ஆக்லாந்திலோ வெலிங்டனிலோ இருக்கும் தமிழர் இதைச் செய்து பார்க்கலாம். ஊருக்குப் போகும்போது இந்தப் பழக்கத்தைக் கூடவே எடுத்துப் போக வேண்டாம்.

சொற்கள் பற்றி ஒரு வார்த்தை. திராவகமும் தீநீரும் இறக்கும் கலத்துக்குச் சித்த மருத்துவத்தில் வாலை என்றுதான் பெயர், அதையே இங்கும் வைத்துக்கொள்கிறோம். புளித்த கலவை ஊறல். பாய்லருக்கு மேல் நிற்பது நெடுங்குழாய்.

எவ்வளவு சூடு வீணாகிறது

31 செ.மீ. விட்டமும் 40 செ.மீ. உயரமும் கொண்ட பாய்லரை எடுத்துக்கொள்வோம். பக்கமும் மூடியும் சேர்ந்து ஏறக்குறைய அரை சதுர மீட்டர் பரப்பு. உள்ளே 92 டிகிரி செல்சியஸ், வெளியே 15 டிகிரி. காற்றே இல்லாவிட்டாலும் 250 முதல் 300 வாட் வரை வெளியே போய்விடும். காற்று அடித்தால் இன்னும் கூடும். 25 மி.மீ. தடிமனில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இல்லாத பாறைப்பஞ்சு (ராக்வூல்) சுற்றினால் இழப்பு 50 வாட் அளவுக்கு இறங்கிவிடும். அதற்கு மேல் தடிமன் ஏற்றினால் கிடைப்பது கொஞ்சமே, 50 மி.மீ. சுற்றி பாய்லரைக் குண்டாக்க வேண்டாம்.

கொதி வரும் நேரம் பெரிதாகக் குறையாது. 25 லிட்டரை 15 டிகிரியிலிருந்து கொதிநிலைக்கு ஏற்ற 2000 வாட் சூடேற்றிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போர்வை அதில் நாலைந்து நிமிடம் குறைக்கும், அவ்வளவுதான். வித்தியாசம் தெரிவது கொதித்த பிறகு.

நெடுங்குழாயின் கணக்கு தனி. 50 மி.மீ. விட்டம், ஒரு மீட்டர் உயரம், மங்கிப்போன செம்பு. இதிலிருந்து 80 வாட் போல வெளியே போகும். பார்க்கச் சின்ன எண். ஆனால் 80 வாட் என்பது மணிக்கு 400 மில்லிக்கு மேல் சாராயத்தைக் குழாயின் உள்சுவரிலேயே குளிரவைத்துக் கீழே வழிய விடும். ஆவி மேலே போய்க் குளிர்ந்து திரும்பி வழிவதை ரிஃப்ளக்ஸ் என்கிறோம். நீங்கள் உச்சியில் கண்டென்சர் (ஆவியைக் குளிரவைத்துத் திரவமாக்கும் பாகம்) வைத்து அளவாகச் செய்வது அதைத்தான். சுவரில் தானாக நடப்பதோ உங்கள் கைக்கு அடங்காதது. வழியும் திரவம் குழாய்க்குள் நிரப்பியிருக்கும் செம்புச் சுருளை நனைக்காமல் ஓரத்தோடே இறங்கிவிடும், ஆவி நடுவில் தனியே ஏறிப் போகும். இரண்டும் சந்தித்தால்தான் பிரிப்பு நடக்கும். 19 மி.மீ. ரப்பர் நுரை சுற்றினால் இந்த 80 வாட் 20 வாட்டுப் பக்கம் வந்துவிடும்.

பளபளக்கும் செம்பு மங்கிய செம்பைவிடக் குறைவாகச் சூட்டை இழக்கும். கதிர்வீச்சாகப் போகும் சூடு மெருகேறிய பரப்பில் மிகக் குறைவு. ஆனால் இரண்டு முறை வடித்ததும் செம்பு மங்கிவிடும், மெருகை நம்பி இருக்க முடியாது.

எதைச் சுற்றலாம்

நெடுங்குழாய்க்கு எங்கள் முதல் தேர்வு ஏ.சி. குழாய்களுக்குச் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் நுரை. 105 டிகிரி வரை தாங்கும், ஈரம் உறிஞ்சாது, கத்தியால் வெட்ட வரும். வெந்நீர் சோலார் குழாய்க்கென்று விற்கும் இ.பி.டி.எம். ரப்பர் இன்னும் மேல், 150 டிகிரி வரை போகும். குளிர்நீர்க் குழாய்க்குப் போடும் சாம்பல் நிற பாலிஎத்திலீன் நுரை அதே போலத் தோன்றும், விலையும் குறைவு. 90, 100 டிகிரியில் அது இளகிச் சுருங்கி உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். வடிப்பு முடியும் தறுவாயில் குழாய் முழுவதும் 98 டிகிரிக்கு வந்துவிடும் என்பதால் அது வேண்டாம். வெள்ளித்தாள் ஒட்டிய குமிழிப் போர்வையும் முகாமில் விரிக்கும் நுரைப் பாயும் இதே ரகம், உலோகத்தைத் தொட்டுச் சுற்றக் கூடாது. தெர்மோகோல் எந்த இடத்துக்கும் வேண்டாம்.

பாய்லருக்குப் பாறைப்பஞ்சு அல்லது கண்ணாடிப்பஞ்சு நல்லது, சூட்டைப் பற்றிக் கவலையே இல்லை. குறை இரண்டு. கை அரிக்கும், அதனால் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள். இரண்டாவது குறைதான் பெரிது: எதையும் உறிஞ்சும். சாராயம் ஊறிய பஞ்சு விளக்குத் திரி மாதிரிதான். வெளியே அலுமினியத் தாள் உறை போட்டு, எல்லா ஓரத்தையும் அலுமினிய டேப்பால் அடைத்தே ஆக வேண்டும்.

நியூசிலாந்தில் இதைவிட எளிதாகக் கிடைப்பது ஆட்டுக் கம்பளி. பழைய கனத்த கம்பளி இரண்டு மடிப்பாகச் சுற்றினாலே பாய்லருக்குப் போதும். சூட்டைத் தடுப்பதில் கண்ணாடிப்பஞ்சுக்கு அருகில் நிற்கும், பருத்தியைப் போல எளிதில் தீப்பற்றாது, பற்றினாலும் தானே அணையப் பார்க்கும். சாராயத்தில் நனைந்துவிட்டால் அந்தக் குணம் உதவாது என்பதால் இதற்கும் வெளியுறை வேண்டும். செயற்கை இழை கலந்த கம்பளி உருகும். ஓர் இழையைப் பிய்த்து வெளியில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். அசல் கம்பளி முடி கருகும் வாடை அடித்துப் பொடியாகும், செயற்கை இழை உருண்டு உருகிக் கெட்டியாகும்.

பழைய வீட்டை இடித்த இடத்தில் கிடைக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு போன்ற குழாய்ப் பூச்சை எடுத்து வராதீர்கள். அதில் கல்நார் இருக்கலாம். கல்நார் கலந்த பொருள்களின் இறக்குமதியை நியூசிலாந்து தடை செய்ததே 2016-இல்தான்.

சுற்றுவதற்கு முன்: தண்ணீர் ஓட்டம்

இந்தப் படியைத் தாண்டிப் போவதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தப்பு. போர்வை சுற்றியபின் கசிவு கண்ணுக்குத் தெரியாது. சுற்றுவதற்கு முன் வெறும் தண்ணீரை வைத்து முழுச் சூட்டில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். குளிர்ந்த எவர்சில்வர் கரண்டியின் முதுகை ஒவ்வொரு மூட்டுக்கும் விரல் அகல தூரத்தில் பிடித்துப் பாருங்கள். ஆவி கசிந்தால் இரண்டு விநாடியில் பனி படரும். மூடியின் கேஸ்கெட், கிளாம்ப் மூட்டு, வெப்பமானி நுழையும் துளை, மூன்றையும் இரண்டு முறை பாருங்கள். பனி படர்ந்தால் சூடேற்றியை அணைத்து, ஆறவிட்டு, இறுக்கி, மறுபடி ஓட்டுங்கள். கரண்டி துடைத்த மாதிரி இருக்கும் வரை போர்வையைத் தொட வேண்டாம்.

அதே ஓட்டத்தில் உங்கள் வாலையின் சூட்டு இழப்பையும் அளந்துவிடலாம். ரிஃப்ளக்ஸை நிறுத்திவிட்டு, கண்டென்சரிலிருந்து நிமிடத்துக்கு எத்தனை மில்லி தண்ணீர் வருகிறது என்று அளவுக் குவளையில் பிடியுங்கள். நிமிடத்துக்கு ஒரு மில்லி நீர் என்றால் 37.6 வாட். 2000 வாட் சூடேற்றியில் 46 மில்லி வந்தால் கண்டென்சர் வரை போய்ச் சேர்வது 1730 வாட். மீதி 270 சுவர் வழியே போகிறது. எண்ணைக் குறித்து வையுங்கள். சுற்றியபின் 51, 52 மில்லிக்கு ஏறினால் வேலை சரியாக நடந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் எங்கேயோ இடைவெளி இருக்கிறது.

பாய்லர்

31 செ.மீ. பாய்லரின் சுற்றளவு 97 செ.மீ. ரப்பர் தகட்டை அதே 97-க்கு வெட்டினால் ஓரங்கள் சேராது, நாலு விரற்கடை இடைவெளி வாய் பிளந்து நிற்கும். தகட்டின் வெளிப்பக்கம் உள்பக்கத்தைவிட நீண்ட வட்டம் போட வேண்டியிருப்பதுதான் காரணம். 25 மி.மீ. தகடு என்றால் 8 செ.மீ. கூட்டி 105-க்கு வெட்டுங்கள். டேப்பை நம்புவதைவிட, அதே தகட்டிலிருந்து ஒரு மெல்லிய பட்டையை வெட்டிச் சுற்றிப் பார்த்து, ஓரம் சேரும் இடத்தில் அடையாளம் வைத்துக்கொள்வது பத்திரம். பஞ்சுக்கும் கம்பளிக்கும் இவ்வளவு துல்லியம் தேவையில்லை, அவை அமுங்கிக் கொடுக்கும். வெளியுறைக்கு 113 செ.மீ., அதோடு ஒன்றன்மேல் ஒன்று ஏற 5 செ.மீ.

கீழே 5 செ.மீ. விட்டுவிட்டுச் சுற்றத் தொடங்குங்கள். மின் இணைப்பும், சூடு மிஞ்சினால் தானே அணைக்கும் கட்அவுட்டும் அடிப்பாகத்தில்தான் இருக்கும். அந்த இடத்தை மூடினால் கட்அவுட் வெட்டிக்கொண்டே இருக்கும். மின்வயரைப் போர்வைக்குள் ஒருபோதும் மூடாதீர்கள். 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குப் பக்கம் ஓடுகிறது, வயர் தன் சூட்டை வெளியே விட்டாக வேண்டும். பல துளை எக்ஸ்டென்ஷன் பலகையும் வேண்டாம், சுவர் பிளக்கிலேயே நேராகக் கொடுங்கள்.

மூடிக்குத் தனித் துண்டு. வட்டமாக வெட்டி நடுவில் குழாய்க்குத் துளை போட்டு, ஒரு பக்கம் கீறிவிட்டால் கழுத்தில் மாட்டிக் கழற்றலாம். கிளிப்புகளும், பாதுகாப்பு வால்வு இருந்தால் அதுவும், எப்போதும் வெளியே தெரிய வேண்டும். சுற்றியதைப் பசையால் ஒட்டாதீர்கள். மாதம் ஒரு முறையாவது அவிழ்த்துப் பார்க்கத் தோதாக வெல்க்ரோ பட்டியோ பருத்தி நாடாவோ போட்டு மூன்று இடத்தில் கட்டுங்கள். ஈரமான போர்வை எவர்சில்வரையும் அரிக்கும், கடலோரத்தில் உப்பு சேர்ந்தால் சீக்கிரமே அரிக்கும். நனைந்திருந்தால் காயவைத்த பிறகே மறுபடி சுற்ற வேண்டும்.

கேஸ் அடுப்பில் வைக்கும் பாய்லருக்கு இது எதுவும் பொருந்தாது. தீயின் நாக்கும் சூடான புகையும் பக்கவாட்டில் ஏறி வரும், அங்கே எதைச் சுற்றினாலும் கருகும், கசிவு சேர்ந்தால் எரியும். கேஸில் ஓட்டுபவர்கள் பாய்லரை வெறுமனே விட்டுவிடுங்கள்.

நெடுங்குழாய்

உள்ளே செம்புச் சுருளோ பீங்கான் வளையமோ நிரப்பிய குழாயை, பாய்லர் மூடியிலிருந்து உச்சிக் கண்டென்சரின் அடிவரை விடாமல் சுற்றுங்கள். கண்டென்சரைச் சுற்றாதீர்கள். சூட்டை வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை.

நுரைக்குழாயின் உள்விட்டம் உங்கள் குழாயின் வெளிவிட்டத்துக்கு ஒட்டியே இருக்க வேண்டும். 51 மி.மீ. குழாய்க்கு 54 மி.மீ. நுரை பொருந்தும். அதற்கு மேல் தொளதொளவென்று இருந்தால் இடையில் காற்று புகைபோக்கி போல ஏறிப் போய்ச் சூட்டைக் கொண்டுபோய்விடும், சுற்றியும் சுற்றாத கதைதான். நீளவாக்கில் ஒரே வெட்டு, வெட்டு பின்பக்கம் வரட்டும். கிளாம்ப் மூட்டுகளை நுரைக்குள் மூடாமல் இரு பக்கமும் ஒரு செ.மீ. விட்டு, மூட்டுக்கு மட்டும் தனி வளையத் துண்டு போட்டு நாடாவால் கட்டுங்கள். வடிக்கும் நடுவில் சந்தேகம் வந்தால் வளையத்தை மட்டும் கழற்றிக் கரண்டியைக் காட்டலாம்.

வெப்பமானி விஷயத்தில் கவனம் தேவை. குழாயின் வெளியே ஒட்டிய வெப்பமானி, வெறும் குழாயில் உள்ளே இருக்கும் ஆவியைவிடக் குறைவாகத்தான் காட்டும், ஒரு பக்கம் உலோகம், மறுபக்கம் குளிர்காற்று. போர்வைக்குள் போனதும் அது உண்மைக்கு நெருங்கும், அதாவது எண் மேலே போகும். பழைய எண்ணை வைத்து முதல் வடி முடிந்தது, கடை வடி தொடங்கியது என்று பிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் கணக்கு இனி உதவாது. முதல் இரண்டு வடிப்புகளுக்கு எண்ணைத் தள்ளிவைத்து, சின்னச் சின்ன ஜாடிகளில் பிடித்து, முகர்ந்தும் சாராயமானியில் வலுப் பார்த்தும் பிரியுங்கள். புதிய எண் தானே பிடிபடும்.

பாட் ஸ்டில்லின் கழுத்து

நெடுங்குழாய்க்குச் சொன்னது இதற்கு நேர் எதிர். விஸ்கியோ ரம்மோ பழச் சாராயமோ வடிக்கும், சுருள் நிரப்பிய நெடுங்குழாய் இல்லாத பாட் ஸ்டில்லில், பாய்லரைச் சுற்றலாம், செம்புத் தலையையும் கழுத்தையும் வெறுமனே விடுங்கள். அங்கே தானாக நடக்கும் குளிர்ச்சிதான் கனமான வாடைகளைக் கீழே திருப்பி அனுப்புகிறது. கழுத்தைச் சுற்றினால் சரக்கு கனக்கும், கடை வடியின் ஈரத்துணி வாடை முன்னதாகவே எட்டிப் பார்க்கும். மெதுவாக வடிப்பவர்களுக்கு இது இன்னும் அதிகம். 80 வாட் இழப்பு 2000 வாட்டில் நூற்றுக்கு நாலு, 600 வாட்டில் நூற்றுக்குப் பதின்மூன்று. கனமான ரம் வேண்டும் என்று தெரிந்தே கழுத்தைச் சுற்றுபவர்கள் உண்டு, அது ருசியைப் பற்றிய முடிவு. காற்றுதான் தொந்தரவு என்றால் கழுத்தைச் சுற்றாமல், காற்று வரும் பக்கம் ஒரு பலகையை நிறுத்துங்கள்.

சுற்றியபின் வரும் கோளாறுகள்

முதல் கோளாறு கண்டென்சரில் வரும். வீணாகிக்கொண்டிருந்த 200 வாட்டுக்கு மேல் இப்போது ஆவியாக மாறி அங்கே வருகிறது. பழைய தண்ணீர் வேகத்திலேயே விட்டால் குழாய் வாயில் ஆவி எட்டிப் பார்க்கும். அது தீப்பிடிக்கும் ஆவி, காற்றைவிடக் கனமாதலால் தரையோடு பரவும். 2000 வாட்டை 20 டிகிரியில் நுழைந்து 55 டிகிரியில் வெளியேறும் தண்ணீர் கொண்டுபோக, நிமிடத்துக்கு 820 மில்லி ஓட வேண்டும். ஒரு லிட்டராக வைத்துக்கொள்ளுங்கள். வடியும் சரக்கு கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், வெதுவெதுப்பு தட்டினாலே தண்ணீரைக் கூட்டுங்கள், அல்லது சூட்டைக் குறையுங்கள்.

அடுத்தது நெடுங்குழாய் திணறுவது. உள்ளே களக் களக் என்று சத்தம், உச்சி வெப்பம் ஏறி இறங்கும், சரக்கு விட்டுவிட்டுக் கொட்டும். மேலே போகும் ஆவி கீழே வழியும் திரவத்தை இறங்க விடாமல் தூக்கிப் பிடிக்கிறது. கட்டுப்படுத்தி இருந்தால் சூட்டை நூறு நூறு வாட்டாகக் குறைத்துச் சத்தம் நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். கட்டுப்படுத்தி இல்லாத 2000 வாட் பாய்லரில் நெடுங்குழாயை முழுதாகச் சுற்றி, பாய்லரைப் பாதி உயரம் வரை மட்டும் சுற்றினாலே இது பெரும்பாலும் சரியாகும்.

நுரை தள்ளும் ஊறலாக இருந்தால் பாய்லரில் முக்கால் பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். மூடி வெறுமனே இருந்தபோது அதன் குளிர்ச்சி நுரையைக் கொஞ்சம் அடக்கியிருக்கும், இப்போது அந்த உதவி இல்லை. புது ரப்பர் முதல் சூட்டில் வாடை அடிப்பது இயல்புதான். அதைத் தண்ணீர் ஓட்டத்திலேயே போக்கிவிடுங்கள். ஆவி போகும் வழிக்குள் மட்டும் ரப்பரோ பசையோ டேப்போ எதுவும் நுழையக் கூடாது, எல்லாம் வெளிப்புறத்தோடு நிற்க வேண்டும்.

கடைசியாக, அணைக்கும் விதம். போர்வை சுற்றிய பாய்லர் சுவிட்சை அணைத்த பிறகும் நெடுநேரம் சூடாகவே இருக்கும். சூடேற்றியை அணைத்த கையோடு கண்டென்சர் தண்ணீரையும் அணைக்காதீர்கள். சொட்டு நின்று கால் மணி நேரம் ஆகட்டும். சரக்கு வரும் குழாயின் நுனி பாத்திரத்தில் இருக்கும் திரவத்துக்குள் முங்கியிருக்கக் கூடாது. பாய்லர் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி வடித்ததை எல்லாம் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். எல்லா வால்வும் மூடியிருந்தால் மெல்லிய தகட்டுப் பாய்லர் நசுங்கும். காற்று போக ஒரு வழி எப்போதும் திறந்திருக்கட்டும். மூடியைத் திறப்பதற்கு முன் போர்வையை அவிழ்த்துவிடுங்கள், அரை மணி நேரத்தில் தொடும் அளவுக்கு ஆறாவிட்டாலும் ஆவி தணிந்துவிடும். மிச்ச ஊறலை இராத்திரி அப்படியே விட்டு, மறுநாள் காலையில் கொட்டுவதுதான் எங்கள் வழக்கம்.

உலர்பொடித் தீயணைப்பான் வாலையின் அருகில் வேண்டாம், நீங்கள் வெளியே ஓடும் வாசலின் பக்கத்தில் மாட்டுங்கள்.